புல்தரை வழக்கு

பூச்சியைக் கொல்லுகிற விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'பூச்சி மருந்து'. யாருக்கு மருந்து என்று ஒரு நிமிஷம் யோசித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் யாரும் யோசிப்பதில்லை. "கத்தரிக்கு மருந்து அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொள்ளுகிறவருடைய மனத்தில், தாம் ஒரு வைத்தியர் என்கிற நினைப்பு ஓர் ஓரமாய் இருக்கத்தான் செய்கிறது. பெயரில் இனிமை சேர்ந்துவிட்டால் பொருளில் உள்ள பயம் போய்விடுகிறது.

இந்த மருந்தை என் வீட்டுத் தோட்டத்தில், என் செடிக்கு, என் காசு கொடுத்து வாங்கி அடிப்பதற்கு ஊர் குறுக்கே வந்து நிற்கலாமா? "நிற்கலாம்" என்று ஒரு சிறிய ஊர் சொல்ல, "கூடாது" என்று இரண்டு பெரிய கம்பெனிகள் சொல்ல, அந்தத் தகராறு ஒரு தேசத்தின் சுப்ரீம் கோர்ட் வரையில் போயிருக்கிறது. நடந்தது கனடாவில். நான் அந்தத் தீர்ப்பை வாசித்தேன். கதை எழுதுகிறவன் தீர்ப்புகளை வாசிப்பது நல்ல பழக்கம் என்பது என் கட்சி. நாம் முந்நூறு பக்கம் எழுதியும் சொல்ல முடியாத மனித சுபாவத்தை, வழக்கின் சங்கதிகள் என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பின் நடுவில் எதிர்பாராமல் நம்முடைய ஊர் ஒன்றின் பெயர் வந்து என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. அது எந்த ஊர் என்பதை அது வருகிற இடத்தில் சொல்லுகிறேன்.

முதலில் புல்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நமக்குப் புல் என்றால் ஒன்று மாட்டுக்கு, இல்லாவிட்டால் பிள்ளையாருக்கு. இரண்டிலும் சேராதது களை. வட அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே வீட்டின் முன்னால் இருக்கும் புல்தரை, வீட்டுக்காரருடைய யோக்கியதைக்கு அத்தாட்சிப் பத்திரம். ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், பாய் விரித்த மாதிரி இருக்கவேண்டும். நடுவில் டாண்டிலியன் என்கிற மஞ்சள் பூ நாலு தலைநீட்டிவிட்டால் போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடாத வீட்டைப் பார்க்கிற பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் அந்த டாண்டிலியன் விஷச் செடி அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேற்றக்காரர்களோடு கூடவே வந்தது. அதன் இலையைக் கீரையாகத் தின்றார்கள்; வேரை வறுத்துக் காப்பி போட்டார்கள்; பூவில் மது வடித்தார்கள். பாட்டன் கீரை என்று தின்றதைப் பேரன் களை என்று காசு கொடுத்துக் கொன்றான்.

கொல்லுவதற்குக் கருவி ஒன்று கிடைத்ததுதான் காரணம். இரண்டாவது மகாயுத்த காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ரகசியமாக நடந்த ஆராய்ச்சியில் பிறந்த ரசாயனம் அது. 2,4-டி என்று பெயர். யுத்தம் முடிந்ததும் கடைக்கு வந்தது. அது வேலை செய்கிற விதம் விசித்திரமானது. செடி வளர்வதற்குச் செடிக்குள்ளேயே ஒரு சுரப்பு உண்டு. இந்த ரசாயனம் அந்தச் சுரப்பைப்போல வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போகிறது. செடி கட்டுக்கடங்காமல், தாறுமாறாக வளருகிறது, தண்டு முறுக்கிக்கொள்ளுகிறது, வளர்ந்தே சாகிறது. அகன்ற இலைச் செடிகளுக்குத்தான் இந்த கதி. புல்லின் ஜாதி தப்பித்துக்கொள்ளும். ஆகவே ஒரு தரம் தெளித்தால் டாண்டிலியன் மடியும், புல் நிற்கும். புல்தரைக்காரர்கள் இதை வரப்பிரசாதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதுவரையில் புல்தரை போடுகிறவர்கள் புல் விதையோடு குளோவர் என்கிற மூவிலைப் பூண்டின் விதையையும் கலந்துதான் விதைத்தார்கள். அது நம் கொழிஞ்சியைப்போல வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணுக்குக் கொடுக்கிற இனம். புல்லுக்குத் தனியாக உரம் வேண்டியிருக்கவில்லை. அதுவும் அகன்ற இலைக்காரனாயிற்றே, 2,4-டி அதையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. மருந்திலிருந்து குளோவரைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே குளோவரையும் களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குளோவர் போன இடத்தில் உர மூட்டை வந்தது. மருந்து விற்ற கடையிலேயே உரமும் கிடைத்தது.

வியத்நாம் யுத்தத்தில் அமெரிக்க விமானங்கள் காடுகளின் மேல் கொட்டிய 'ஏஜண்ட் ஆரஞ்சு' திராவகத்தில் சரிபாதி இந்த 2,4-டி தான். அந்தத் திராவகத்தில் இருந்த கொடிய டயாக்ஸின் நஞ்சு கூட்டாளியான மற்றப் பாதியிலிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடவேண்டும். ஆனால் ஜனங்களின் ஞாபகம் அவ்வளவு நுட்பமாகப் பாதி பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி ஊருக்கு வருவோம். ஹட்ஸன் என்பது க்யூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியால் நகரத்துக்கு மேற்கே, ஒட்டாவா நதிக்கரையில் இருக்கிறது. வழக்கு நடந்த காலத்தில் ஜனத்தொகை 5,135. பெரிய மரங்களும் குதிரை லாயங்களும் உள்ள, வசதிப்பட்ட ஊர். அந்தப் பக்கத்தில் டாக்டர் ஜூன் இர்வின் என்று ஓர் அம்மாள் இருந்தார். தோல் வியாதி நிபுணர். தம்மிடம் வருகிற நோயாளிகளின் சொறிக்கும் தடிப்புக்கும், வீட்டுப் புல்தரையில் தெளிக்கப்படுகிற ரசாயனங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்ற சந்தேகம் அவருக்கு விழுந்தது. விழுந்த சந்தேகத்தை அவர் விடவில்லை. நோயாளிகளின் ரத்தத்தையும் கொழுப்பையும் தாய்ப்பாலையும் பரிசோதனைக்கு அனுப்பினார். 1985 முதல் ஹட்ஸன் நகரசபையின் கூட்டத்துக்குக் கூட்டம் போய், பொதுஜனங்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் எழுந்து நின்று இதைப் பற்றியே கேட்டார்.

ஆறு வருஷம் கேட்டார். ஓர் ஊர்க் கூட்டத்தில் ஒரே ஆள் ஒரே விஷயத்தை ஆறு வருஷம் கேட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். முதல் வருஷம் மரியாதையாகப் பதில் வரும். இரண்டாவது வருஷம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மூன்றாவது வருஷம் அந்த அம்மாள் எழுந்திருக்கும்போதே நாற்காலிகள் கிறீச்சிடும். அதற்குப் பிறகும் எழுந்து நிற்பதற்குப் படிப்பு மட்டும் போதாது. ஒரு வகைப் பிடிவாதம் வேண்டும். எனக்கு இந்த வழக்கில் நீதிபதிகளைவிட இந்த அம்மாளிடத்தில்தான் மரியாதை அதிகம்.

1991-ஆம் வருஷம் நகரசபை ஒரு துணை விதி இயற்றியது. 270-ஆம் எண் விதி. ஊர் எல்லைக்குள் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளிக்கக் கூடாது என்பது அதன் சாரம். விலக்குகள் உண்டு. நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம். கட்டடத்தின் உள்ளே உபயோகிக்கலாம். மனிதருக்கு ஆபத்தான பிராணிகளையும் ஒவ்வாமை தருகிற செடிகளையும் ஒழிக்கலாம். விவசாயிகள் தங்கள் நிலத்தில் உபயோகிக்கலாம். கோல்ஃப் மைதானத்துக்கு ஐந்து வருஷம் தவணை. மீதி எல்லாவற்றுக்கும் தடை. அதாவது அவசியத்துக்கு அடிக்கலாம், அழகுக்கு அடிக்கக்கூடாது. இந்தப் பாகுபாடுதான் அந்த விதியின் உயிர்நாடி. விஷம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள்ளேயே ஊர் போகவில்லை. வெறும் பச்சை நிறத்துக்காக இந்தச் சந்தேகத்தை நாங்கள் சுவாசிப்பானேன் என்று கேட்டது.

1992 நவம்பரில் ஸ்ப்ரேடெக், கெம்லான் என்ற இரண்டு புல்தரைப் பராமரிப்புக் கம்பெனிகள் விதியை மீறி மருந்து அடித்ததாக வழக்குத் தொடரப்பட்டது. கம்பெனிகள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஓர் ஊர் செய்ததை ஆயிரம் ஊர் செய்யும் என்று கணக்குப் போடத் தெரியாதவர்கள் கம்பெனி நடத்தமுடியாது. "நாங்கள் அடிக்கும் மருந்து மத்திய சர்க்கார் பரிசோதித்து அனுமதித்தது. அதை அடிப்பதற்கு மாகாண சர்க்கார் எங்களுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. இரண்டு சர்க்காரும் சரி என்று சொன்னதை வேண்டாம் என்று சொல்ல இந்த ஐயாயிரம் பேர் யார்?" என்பது அவர்களுடைய வாதத்தின் சுருக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் இருக்கிறது.

1993-இல் மாகாணத்தின் மேல் கோர்ட்டில் தோற்றார்கள். 1998-இல் அப்பீல் கோர்ட்டில் தோற்றார்கள். 2001 ஜூன் 28-ஆம் தேதி கனடாவின் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாகத் தள்ளுபடி செய்தார்கள். பிரதானத் தீர்ப்பை எழுதியவர் கிளேர் லூரோ-டுபே என்னும் பெண் நீதிபதி. ஊராரின் ஆரோக்கியத்தையும் பொதுநலத்தையும் காப்பதற்கு விதி இயற்ற நகரசபைகளுக்குக் க்யூபெக் சட்டம் பொதுவாக ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அது போதும் என்றார். மேல் சர்க்கார் ஒரு பொருளை அனுமதித்திருக்கிறது என்பதற்கு அதை உபயோகித்தே தீரவேண்டும் என்று அர்த்தமில்லை. மோட்டாரும் சிகரெட்டும் மத்திய சர்க்கார் அனுமதித்தவைதான், அவற்றை எங்கே ஓட்டலாம், எங்கே பிடிக்கலாம் என்று ஊர் சொல்லவில்லையா என்றும் எடுத்துக்காட்டினார். ஒரு சட்டம் "அடி" என்று கட்டாயப்படுத்தி, இன்னொன்று "அடிக்காதே" என்றால்தான் இரண்டுக்கும் மோதல். "அடிக்கலாம்" என்பதற்கும் "இங்கே அடிக்காதே" என்பதற்கும் மோதல் இல்லை. மக்களுக்கு மிக அருகில் இருக்கிற ஆட்சி எதுவோ, அதுவே சில காரியங்களைத் தீர்மானிப்பது நலம் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பஞ்சாயத்து என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிற சொல் அவர்களிடம் இல்லாததால் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தபடியாக அவர் முன்ஜாக்கிரதைக் கோட்பாட்டுக்கு வருகிறார். திருத்த முடியாத தீங்கு வரக்கூடும் என்ற அச்சம் நியாயமாக இருக்குமானால், விஞ்ஞான நிரூபணம் முழுசாகக் கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையை ஒத்திப்போடக் கூடாது என்பது அந்தக் கோட்பாடு. இதற்கு உலகத்தில் யார் யார் ஆதரவு என்று தேடிக்கொண்டுபோன அந்தக் கனடா நீதிபதி, இந்திய சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு தீர்ப்புகளைக் காட்டுகிறார். ஒன்று ஆந்திரப் பிரதேச வழக்கு. மற்றொன்று — இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் — வேலூர்.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் இந்திய சர்க்காரின் மேல் போட்ட வழக்கு அது. வடஆற்காட்டிலும் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கற்பட்டுப் பக்கங்களிலும் இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்டு, பாலாற்றையும் கிணறுகளையும் நிலத்தையும் பாழாக்கிவிட்டன என்பது மனு. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டதென்ற கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன. 1996 ஆகஸ்டில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, முன்ஜாக்கிரதைக் கோட்பாடும், கெடுத்தவனே செலவைக் கட்டவேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிற்று. இனி, தீங்கு உண்டு என்று பாதிக்கப்பட்டவன் நிரூபிக்கவேண்டியதில்லை. தன் தொழிலால் தீங்கில்லை என்று தொழில் நடத்துகிறவன் நிரூபிக்கட்டும் என்று பாரத்தைத் தோள் மாற்றிவைத்தது.

வேலூர்க்காரர்கள் மனுப் போட்டது 1991. ஹட்ஸன் நகரசபை விதி இயற்றியதும் 1991. ஒருவருடைய பேர் மற்றவருக்குத் தெரியாது. ஒரு பக்கம், குடிக்கிற கிணற்றில் உப்பும் சாயமும் இறங்கி ஊரைவிட்டுப் போகலாமா என்று யோசித்த ஜனங்கள். மற்றொரு பக்கம், புல்தரையை எப்படிப் பராமரிப்பது என்று சண்டை போட்ட சுகவாசிகள். முன்னவர்களின் துன்பத்தில் விளைந்த சட்டவாக்கு பின்னவர்களின் புல்லுக்குத் துணைபோயிருக்கிறது. இதில் நான் பெருமைப்படவேண்டுமா, வருத்தப்படவேண்டுமா? பெருமையை ரொம்பவும் ஊதிவிடவும் கூடாது. அந்த ஏழு பேரில் மூன்று பேர், முடிவை ஒப்புக்கொண்டாலும், வெளிநாட்டு ஆதாரங்கள் சுவாரஸ்யமாக இருக்கலாம், இந்த வழக்குக்கு அவை வேண்டியதில்லை என்று தனியாக எழுதிவைத்தார்கள். ஆகவே வேலூர் சாட்சிக்கூண்டில் ஏறிற்று என்று சொல்லலாம். வேலூரால்தான் வழக்கு ஜெயித்தது என்று சொல்லக்கூடாது.

கம்பெனிகள் போட்ட கணக்குப் பலித்தது. ஹட்ஸனுக்குப் பிறகு ஊர் ஊராகத் தடை போட்டன. க்யூபெக் மாகாணமே 2003-இல் விதித்தொகுப்பு ஒன்று கொண்டுவந்து, முதலில் பொது இடங்களிலும், 2006 முதல் தனியார் வீட்டுப் புல்தரைகளிலும், 2,4-டி உள்பட இருபது ரசாயனங்களை விலக்கியது. டொரான்டோ நகரம் 2003-இல் விதி இயற்றியது. ஒன்டாரியோ மாகாணம் 2008-இல் சட்டம் செய்து 2009 ஏப்ரல் 22-ஆம் தேதி முதல் அமல் நடத்தியது. அங்கேயும் பயிர், காடு, பொதுச் சுகாதாரம், கோல்ஃப் ஆகியவற்றுக்கு விலக்கு. இந்தக் கோல்ஃப் மட்டும் எப்படியோ எல்லாச் சட்டத்திலும் தனி நாற்காலி பிடித்துக்கொள்ளுகிறது.

மருந்து செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. கனடா மத்திய சர்க்காரின் பரிசீலனை அதிகாரிகள் 2008-இல் 2,4-டியை மறுபடி பரிசோதித்து, சீட்டில் உள்ளபடி உபயோகித்தால் பாதகமில்லை என்று முடிவு கூறினார்கள். அதே வருஷம் டௌ அக்ரோஸயன்ஸஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, வட அமெரிக்க வியாபார ஒப்பந்தத்தின் கீழ், க்யூபெக்கின் தடையால் தனக்கு 20 லட்சம் டாலர் நஷ்டம் என்று கனடா சர்க்காருக்கு நோட்டீஸ் விட்டது. 2011-இல் ராஜியாகப் போயிற்று. ராஜி என்ன தெரியுமா? கம்பெனிக்கு ஒரு காசு கிடையாது. தடை அப்படியே நிற்கும். பதிலுக்கு, சீட்டில் கண்டபடி உபயோகித்தால் 2,4-டி ஏற்கமுடியாத அபாயம் எதையும் விளைவிக்காது என்று க்யூபெக் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தது. ஒரு வாக்கியத்துக்காக மூன்று வருஷம் வழக்காடியிருக்கிறார்கள்! எழுத்துக்கு இத்தனை மதிப்பு வேறெங்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு நாலு வருஷம் கழித்து, 2015-இல், உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2,4-டியைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்கிற வகுப்பில் வைத்தது. 'உண்டாக்கும்' என்று அல்ல, 'கூடும்' என்று. நிரூபணம் வரும்வரையில் காத்திருந்தால் ஹட்ஸன் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

எதிர்க்கட்சியில் ஒன்றும் சரக்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். வயலில் பயிருக்கு அடிப்பதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்காரனை மட்டும் பிடிப்பது, யானையை விட்டு எலியைப் பிடிக்கிற காரியம் என்பது ஒரு வாதம். மானிடோபா மாகாணத்தில் 2015 முதல் அமலில் இருந்த தடையை, களை பெருகிவிட்டது என்ற முறையீட்டின்மேல் 2022-இல் பெரும்பாலும் தளர்த்தி, பள்ளிக்கூடம், குழந்தைகள் விளையாடும் இடம் போன்றவற்றுக்கு மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஆனால் வீட்டுத் தோட்டக்காரனைத் தனியாகப் பிடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. விவசாயிக்கு மருந்து செலவு; கூடினால் கை கடிக்கும். தோட்டக்காரனுக்கு அது பொழுதுபோக்கு. ஒரு மூடி போட்டால் சாகிற பூச்சி இரண்டு மூடி போட்டால் சீக்கிரம் சாகும் என்பது அவனுடைய விஞ்ஞானம். அவன் அடிக்கிற இடமோ குழந்தை தவழுகிற இடம். காற்று வேலியைக் கண்டு நிற்பதுமில்லை.

சரி, வேலூரை மேற்கோள் கொடுத்து உதவிய நம் தேசத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு என்ன சட்டம்? இதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1958-ஆம் வருஷம் கேரளத்தில், பாரதியான் என்ற பூச்சிமருந்து கலந்துபோன கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உணவும் விஷமும் ஒரே சரக்கோடு சரக்காகப் பிரயாணம் செய்ததன் பலன். விசாரணை நடந்து, குழுக்கள் கூடி, பத்து வருஷத்துக்குப் பின் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் விதி வைத்தது. புட்டியின்மேல் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டு, விஷத்தின் கடுமைக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வர்ணம் காட்டவேண்டும் என்ற ஏற்பாடு 1971-இன் விதிகளில் வந்தது. பச்சையும் விஷம்தான், கடைசிப் படியில் உள்ள விஷம். ஆனால் பலகாரப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அபயஹஸ்தம் போலத் தோன்றுகிறது.

இவ்வளவும் செய்த சட்டம், 38-ஆம் பிரிவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டது. ஒருவர் தம் சொந்த வீட்டு உபயோகத்துக்கோ, தம் காய்கறித் தோட்டத்துக்கோ, தம் சாகுபடி நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியை உபயோகித்தால் இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் அவருக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. இதை எழுதியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. கீரைப்பாத்திக்கு மருந்து தூவிய கிழவியின் வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் நுழையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஹட்ஸன் விவசாயியை விட்டுவிட்டு வீட்டுத் தோட்டத்தைப் பிடித்தது. நாம் இரண்டையும் விட்டுவிட்டோம். பதிவு செய்த புட்டி, லைசென்ஸ் உள்ள கடை, வர்ணம் போட்ட சீட்டு, எல்லாம் கடை வாசல் வரையில். அங்கிருந்து மல்லிகைச் செடிக்கு எவ்வளவு என்பது வாங்குகிறவருக்கும் கடைக்காரருக்கும் உள்ள பேச்சு. "லிட்டருக்கு எத்தனை மில்லி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் புட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டி, "இதிலே அரை மூடி ஊத்துங்க. பூச்சி ஜாஸ்தியா இருந்தா ஒரு மூடி" என்பார்.